கம்பிக்கு எத்தனை மாதம்

“அதெல்லாம் இருக்கட்டும் டொக்டர். எத்தன மாசத்தில முடியும், அதச் சொல்லுங்க.”

வந்து உட்கார்ந்ததிலிருந்து இத்ரூஸ் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். கதிரையில் அவருடைய முழங்கால் ஓயாமல் ஆடியது. தம்புள்ளை மரக்கறிச் சந்தையிலிருந்து லொறிக்காரன் விடாமல் அழைத்தான். கைபேசியை எடுத்துப் பார்ப்பதும், பேசாமல் சட்டைப் பைக்குள் திணிப்பதுமாக இருந்தார்.

பல் வைத்தியர் கெத்தரின் மேசைமேல் மூன்று மாதிரிப் பல்வரிசைகளை எடுத்து வைத்தார். இத்ரூஸின் மகள் நுஸ்லா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மாத்தளை பஸ் நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அடுத்து ஸஜீதா மாமி, இத்ரூஸின் மூத்த சகோதரி. உம்மா மௌத்தான பிறகு இத்ரூஸைத் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்லை இத்ரூஸ் இன்றுவரை தட்டியதில்லை என்பது அவர்கள் ஊரான வரக்காமுறையில் எல்லோருக்கும் தெரியும்.

மாமியின் மகன் ஸப்ரி கட்டாரில் வேலை செய்கிறான். அவனுக்கு நுஸ்லாதான் என்று மாமி முடிவு செய்துவிட்டார். நுஸ்லாவுக்கு மேல்வரிசையில் இரண்டு தெத்துப்பற்கள் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றன. அவற்றைச் சரிசெய்த பிறகே நிக்காஹ் என்பதும் மாமியின் முடிவுதான்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கெத்தரின் நுஸ்லாவிடம் கேட்டார்.

“எனக்கு இந்தப் பல்லே போதும், டொக்டர்.”

மாமி சிரித்தார். பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் என்று அவரே விளக்கமும் சொன்னார். ஆசிரியப் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்கு அவள் தெரிவாகியிருக்கிறாளாம். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டுமாம். அது முடியும்வரை கல்யாணம் செய்யக் கூடாது என்று அங்கே சட்டமாம்.

“டீச்சராகி என்னத்துக்கு? எங்க ஸப்ரி ஒரு கொறையும் வைக்க மாட்டான்.”

நுஸ்லா வாப்பாவைப் பார்த்தாள். இத்ரூஸ் கைபேசியைப் பார்த்தார்.

கெத்தரின் மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து விளக்கினார். முதலாவது உலோகக் கம்பி. அடுத்தது பல்லின் நிறத்திலேயே இருக்கும் பீங்கான். அதுவும் கம்பி வேலைதான், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் லேசில் உடையும். மூன்றாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

முன்பற்களை மட்டும் ஒழுங்காக்க உறை போதும், எட்டு மாதம் எடுக்கும் என்றார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்தும்படி முழுதாகத் திருத்துவதென்றால் உலோகக் கம்பியே நல்லது, அதற்கு இரண்டு வருடம்.

இத்ரூஸின் முழங்கால் ஆட்டத்தை நிறுத்தியது.

“ரெண்டு வருஷமா?” மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கல்யாணத்து அன்னைக்கு வாயில கம்பியா? போட்டோ அல்பம் பூரா அதுதானே மின்னும்.”

கண்டியில் யாரோ ஒருவர் பல்லை ராவி, மேலே உறை ஒட்டி, இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்ததாக மாமி கேள்விப்பட்டிருந்தார். நல்ல பல்லை ராவ முடியாது என்று கெத்தரின் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். அப்படியென்றால் அந்த எட்டு மாத உறையே இருக்கட்டும் என்றார் மாமி. ஸப்ரி லீவில் வருவதற்கும் அதற்கும் சரியாக இருக்கும்.

இத்ரூஸ் செருமினார். “அது கழட்டி மாட்டுறதில்லையா ராத்தா? இவ குடையவே பஸ்ஸில விட்டுட்டு வாறவ. உறையத் தொலைச்சா திரும்ப மொதல்ல இருந்துதான்.”

நுஸ்லாவின் கண்கள் நிறைந்தன. அதை மறைக்க மேசைமேலிருந்த பீங்கான் மாதிரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

செலவை யோசிக்க வேண்டாம், எல்லாம் ஸப்ரி அனுப்புவான் என்று மாமி தம்பிக்குத் தைரியம் சொன்னார். இத்ரூஸ் அதற்கும் தலையாட்டவில்லை. மறுபடியும் வைத்தியரிடமே திரும்பினார்.

“எட்டு மாசம்னா எட்டு மாசத்திலேயே முடிஞ்சிடுமா? சுணங்காதா?”

ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் சுணங்காது என்றார் கெத்தரின். அந்தப் பதிலால் இத்ரூஸுக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

எக்ஸ்ரே எடுக்கத் தாதி வந்து நுஸ்லாவைக் கூப்பிட்டார். மாமியும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “உறைக்கே சொல்லிரு, இத்ரூஸ்” என்றபடி அவள் பின்னால் நடந்தார்.

“சரி ராத்தா.”

கெத்தரின் பேனையை மூடி வைத்தார். அதற்குமேல் அவரால் பேசாமலிருக்க முடியவில்லை. இவ்வளவு அவசரப்படுகிறீர்களே, பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா என்றார். கல்லூரியில் கிடைத்த இடத்தை இப்போது விட்டால் பிறகு கிடைக்குமா என்றும் கேட்டார். நோயாளியின் தகப்பனோடு அவர் இந்தக் குரலில் பேசுவது வழக்கமில்லை.

இத்ரூஸ் எழுந்து போய், கதவுக்கு வெளியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். நடையில் யாரும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, உட்காராமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ராத்தாட்ட இல்லன்னு சொல்ல எனக்கு ஏலாது, டொக்டர், ரெண்டு வருஷக் கம்பிதான் போடணும்னு நீங்க சொல்லுங்க.”