ஆறாவது கோடு

“சார், தரையோட தரையா படம் விழுந்தா யாரு உக்காந்து பார்க்கிறது? எறும்பா?”

ஏணியில் நின்றபடி மெக்கானிக் கேட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “படம் தரையில ஆரம்பிக்கணும், இந்தக் கோட்டுல முடியணும். அரை விரக்கடைகூட மேல போகக் கூடாது” என்று சுவரிலிருந்த பென்சில் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

சரிந்த கூரைக்கு அடியில் ஒடுங்கிய மாடி அறை அது. ஓரத்தில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். போதாததற்கு நட்டநடுவில் ஒரு உத்திரம் வேறு. நூறு இஞ்ச் படம் காட்ட எதிரே ஒரு சுவர் வெள்ளை வெளேரென்று சும்மா கிடக்க, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட மூன்று முழச் சுவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார் மனிதர். இருபது வருஷத்தில் எத்தனையோ கிறுக்கர்களுக்கு ப்ரொஜெக்டர் மாட்டியிருக்கிறார் மெக்கானிக். இவர் தனி ரகம்.

“அந்தக் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினா வேலை சுலபம்.”

“கட்டில் நகரக் கூடாது. அது மேல தூசியும் விழக் கூடாது.”

குழந்தைக் கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அலமாரி மேல் பொம்மைகள் உயர வாரியாக வரிசை கட்டி நின்றன. மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவருடைய மகளின் அறையில் கால் வைத்தால் ஏதாவது ஒன்று உடையும்.

“நாலு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?” வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“அப்படி என்ன சார் அவசரம்?”

“என் வீட்டுக்காரி வந்துடுவா. அவ அக்கா வெளியில கூட்டிட்டுப் போயிருக்காங்க.” தயங்கிவிட்டுச் சொன்னார். “எட்டு மாசமா வீட்டுல பேச்சே இல்லீங்க. ஒரு வார்த்தை இல்ல. இன்னைக்கு இதைப் பார்த்து அவ வாயைத் திறந்துட்டா போதும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. தன் மனைவியின் கோபத்துக்கு ஆயுள் மூன்று நாள். நாலாம் நாள் காய்கறி வாங்கி வரச் சொல்லவாவது வாயைத் திறந்துவிடுவாள். எட்டு மாசம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த மனிதர் என்னதான் செய்தாரோ? ஆனால் அந்தக் குரல் உடைந்திருந்ததைக் கேட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

உத்திரம் வெளிச்சத்தை மறித்தது. பிராக்கெட்டில் ஒரு சாண் குழாய் சேர்த்துக் கீழே இறக்கினார். டிரில் போடும்போதெல்லாம் வீட்டுக்காரர் கட்டிலின் மேல் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோட்டுக்கு அளவெடுக்கக் குனிந்தபோதுதான் அதற்குக் கீழே இன்னும் ஐந்து கோடுகள் இருப்பதை மெக்கானிக் கவனித்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. நாளும் மாதமும் ஒன்றேதான். வருஷம் மட்டும் மாறியது. பென்சில்கூட ஜன்னல் கம்பியில் நூலில் தொங்கியது.

“அட, இன்னைக்குத் தேதியாச்சே! பாப்பாவுக்குப் பிறந்தநாளா?”

“ம்.”

“இது பிறந்தநாள் பரிசா சார்? கொடுத்து வச்ச பொண்ணு.” இந்த வருஷக் கோட்டை இன்னும் போடவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேலை முடிந்தது. வீட்டுக்காரர் கொடுத்த பென் டிரைவைச் சொருகினார். செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படம். ஒரு சிறுமி இதே சுவரில் முதுகை ஒட்டி நின்று, கோடு போட்டுக்கொள்ளும் அவசரத்தில் குதிகாலைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். “காலைக் கீழ வைடி, கள்ளி!” என்று படத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் செல்லமாக அதட்டியது. குதிகால் தரையில் பட்டது. உச்சந்தலை ஆறாவது கோட்டில் அச்சாகப் பொருந்தியது. நிஜமாகவே ஒரு குழந்தை வந்து நிற்பதாக மெக்கானிக்குக்குத் தோன்றியது. தன் கைவேலையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

“பாப்பா வந்து பார்த்தா குதிக்கப் போவுது சார்!”

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். மெலிந்த உடம்பு. படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். வீட்டுக்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா மெல்ல நடந்து போய்ச் சுவரருகே மண்டியிட்டு, சிறுமியின் தலையில் கை வைத்தார். கையின் நிழல் விழுந்து முகம் மறைந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு ஐந்தாவது கோட்டுக்கும் ஆறாவது கோட்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார். மூன்று விரல். அதே மூன்று விரலை ஆறாவது கோட்டுக்கு மேலே வைத்து, நூலில் தொங்கிய பென்சிலை எடுத்துப் புதிதாக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தார், கணவரிடம் அல்ல, ஏணியருகே நின்ற மெக்கானிக்கிடம்.

“படத்தை இந்தக் கோடு வரைக்கும் ஏத்துங்க. இருந்திருந்தா இவ்வளவு வளர்ந்திருப்பா.”