கல்லில் ஏறும் கொடி

“அந்தப் பாட்டு மட்டும் வேணாம் சார். வேற எதுனா போட்டுக்கோங்க.”

தமிழாசிரியர் கந்தசாமி எரிச்சலை அடக்கிக்கொண்டார். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் முதல் நாள், சாலையை மறிக்கப் புளியமரம் வெட்டி, சாய்ந்த அதே மரத்தடியில் நசுங்கிச் செத்தவன் கவிஞன் சின்னதுரை. அவனுக்கு மலையடிவாரத்து வடக்கனந்தலில் நினைவுக்கல் நடப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சிற்பி உளியோடு காத்திருக்கிறார். சின்னதுரையின் மனைவி ஆண்டாளோ, கரும்புக் கொல்லையிலிருந்து வந்த கையைக்கூடக் கழுவாமல், வாசலில் நின்று முடியாது என்கிறாள்.

“வேற எதைப் போடறது? பொம்பளை கண்ணு, பொம்பளை கொண்டைன்னே எழுதிக்கினு இருந்தவன்மா அவன். கடைசியாத்தான் போராளியா மாறினான். வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புதோ, கவிஞன் பாட்டும் அந்தப் பக்கம் திரும்பும். மேடைக்கு மேடை இதைத்தான் பேசறேன்.”

“பேசுனீங்க. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

சாவதற்கு முந்தின நாள் அவன் எழுதிய வரிகள் அவை. பத்திரிகையில் வந்து ஊரெல்லாம் மனப்பாடம். கந்தசாமி கண்ணை மூடிச் சொல்லிக் காட்டினார்:

“மரமே, குறுக்கே சாய்ந்து படு!
இந்த வண்டி மலை இறங்கக் கூடாது.
உச்சியில் அசையும் என் கொடி
உச்சியிலேயே இருக்கட்டும்!”

“கொடின்னா இன்னா சார்?”

“போராட்டக் கொடிம்மா! நம்ம உரிமை. வண்டின்னா சர்க்கார்.”

ஆண்டாள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“ஊரே மெயின் ரோட்டுல மரம் வெட்டுச்சு. இவரு மட்டும் கோடாலியத் தூக்கிக்கினு தனியா மலை ரோட்டுக்கு ஏன் போனாரு?”

“வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்தவன் இல்லியா? போராட்டம் மலைக்கும் போய்ச் சேரணும்னு நெனச்சான். வேற எவனுக்கும் அந்தப் புத்தி வரல. நான் கண்ணால பாத்த சாட்சிம்மா. காலையில மொத பஸ்ல குடும்பத்தோட மலையிலேர்ந்து எறங்கிக்கினு இருந்தேன். எங்க கண்ணெதிர்லயே மரம் சாஞ்சுது.”

“குடும்பத்தோடன்னு தெரியும்.”

“என் வூட்டுக்காரி அப்புறம் எத்தினி நாள் சோறு தொடலன்னு தெரியுமா? கூடப் பொறந்தவன் செத்தாப்போல அழுதா. கவிதைன்னா அதுதான்!”

ஆண்டாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை முகத்தில் இருந்த கடுப்பு கொஞ்சம் இறங்கி, பாவம் பார்க்கிற மாதிரி ஆனது.

“தெனம் அந்தக் கல்லத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போவணும் சார்.”

“தல நிமிந்து போ! இதோ பாரும்மா, நீ படிக்காதவ. பாட்டோட அர்த்தம் உனக்குப் பிடிபடல. சரின்னு ஒரு வார்த்த சொல்லு. கல்லு நடற கமிட்டி மூலமா சத்துணவுக் கூடத்துல ஒரு வேல வாங்கித் தர்றோம். புள்ளைங்க ரெண்டும் வயித்துக்குச் சாப்பிட வேணாமா? மாட்டேன்னா, கமிட்டிக்காரங்க கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு உனக்கு வேல கேக்கறது?”

உள்ளே பிள்ளைகள் காலிச் சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஆண்டாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் கையை அழுத்தித் துடைத்தாள்.

“சரி சார். வெட்டிக்கோங்க.”

“அப்படிச் சொல்லு! மாறின மனுசனோட பாட்டும்மா அது.”

“அவரு மாறவே இல்ல சார். பாட்டும் மாறல.” அவள் குரல் உயரவில்லை. “ஒண்ணே ஒண்ணு. கொடின்னு பாதியில நிறுத்த வேணாம். கல்லுல வெட்டறதுதான் வெட்டறீங்க, பேர முழுசா வெட்டச் சொல்லுங்க. பூங்கொடி டீச்சர்னு.”

கந்தசாமி சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளக் காலை நீட்டினார். கால் அதைத் தேடிக்கொண்டே இருந்தது. வெள்ளிமலைப் பள்ளியிலிருந்து அவளைக் கீழே மாற்றிக் கொண்டுவர அவர் எத்தனை ஆபீஸ் படியேறியிருப்பார்! மாற்றல் கிடைத்துக் கீழே வந்த அன்றைக்கு, அந்த முதல் பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவர் மனைவி பூங்கொடி.