ஓராள் இடம்

அலுவலகச் செயலியின் ஊழியர் வரிசையிலிருந்து இறந்துபோன கணவரின் படத்தை நீக்கும் வேலை அவளுக்கே வந்தது. அந்தத் திரையை வடிவமைத்தவரும் அவர்தான். அவர் படத்தை அவள் நீக்கியதும், படங்களுக்கு நடுவே அவர் வைத்த நெகிழும் இடைவெளிகள் விரிந்து, மீதிப் பேரைச் சமமாக நிறுத்தியிருக்க வேண்டும். அவள் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஓராள் இடம் காலியாகவே இருந்தது.

“அக்கா, நாளைக்கு வெளியிடணும். அந்த ஓட்டையை இன்னுமா அடைக்கலை?” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“இடைவெளி எல்லாத்தையும் அழிச்சுட்டேன்டா. அது மட்டும் நகர மாட்டேங்குது.”

“அண்ணன் பிடிவாதம் அப்படி!”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் தன் படத்தை வரிசையின் கடைசிக்கு இழுத்துப் போட்டாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மற்ற படங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன. காலி இடம் மெல்ல வந்து அவளருகே நின்றது.

அவள் அப்படியே சேமித்தாள்.