ஆணி அடித்த அடுக்களை

“சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது ஆசாரி. எல்லாம் கழத்தி எடுக்கதுக்குத் தோதா இருக்கணும்.”

வள்ளிநாயகம் பிள்ளை முற்றத்தில் நின்று சொன்னது உள்ளே அவர் மனைவி பகவதிக்குக் கேட்டது. அகப்பையைப் போட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

“கழத்ததுக்கு எதுக்கு பிள்ளைவாள் அடுக்களை? பத்தாயம், அலமாரி, பலகைத் தட்டு எல்லாம் சுவரோட சேந்து நின்னாத்தானே அம்சம்?” என்றார் கோலப்ப ஆசாரி.

“அம்சமும் வேண்டாம், சித்திரவேலையும் வேண்டாம். நல்ல அயினிப் பலகை, இறுக்கமான பொருத்து, அது போதும். பிரிச்சா மாட்டு வண்டியில ஏறணும், அவ்வளவுதான்.”

மாட்டு வண்டியா?

நல்ல அடுக்களை ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தவள் அவள். பிள்ளை இல்லை. நகைநட்டில் ஆசை இல்லை. இந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் புகை பிடித்த மூலை ஒன்றுதான் உண்டு. இத்தனை காலம் கழித்து மனிதருக்கு மனம் இரங்கியிருக்கிறது, சரி. ஆனால் அதைப் பிரித்து வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோகப் போகிறார்?

இரணியலுக்குத்தான், வேறெங்கே! கொஞ்ச நாளாக வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போகிறார். போகும்போது சலவை வேட்டி. திரும்பி வந்தால் சோறு இறங்குவதில்லை. அங்கே எவளோ வயிறு நிறையப் போட்டு அனுப்புகிறாள்.

மத்தியானம் இலை போட்டதும் கேட்டேவிட்டாள்.

“இரணியல்ல ஆருக்க வீட்டுக்குப் போறீங்க?”

“ஒரு சோலி.”

“சோலிக்குப் பேரு கெடையாதா?”

“ஏட்டி, எல்லாத்தையும் நோண்டிக் கேக்காத. அடுக்களை வருதுல்லா? அது ஒனக்குத்தான்.”

“எனக்குன்னா ஆணி அடிக்கச் சொல்லுங்க.”

அவர் பாதிச் சோற்றை இலையில் விட்டு எழுந்து போய்விட்டார்.

வேலை முடிந்தது. வேண்டாத ஒரு வளைவு இல்லை, பளபளப்பு இல்லை. பத்தாயத்தில் விளிம்பு வரை நெல்லும் கொட்டியாயிற்று. பகவதி பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். இதில் இன்னொருத்தி கை படுவதா? அடுத்த வெள்ளி அவர் வண்டியேறியதும் ஆசாரிக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

“எல்லாத்தையும் சுவரோட சேத்து ஆணி அடியும்.”

“பிள்ளைவாள் வேண்டாம்னாருல்லா அம்மா?”

“அடுக்களையில வேகுதது நானா அவரா? பெரிய ஆணியா அடியும். சுத்திச் சுண்ணாம்புச் சாந்தும் வச்சு அடையும்.”

“ஆப்பு வச்சுப் பூட்டின வேலை இது. ஆணி எறங்கிட்டா, பெறவு பேத்து எடுத்தாப் பலகை கீறிப் போவும்.”

“கீறட்டும். பேக்க நினைக்கவ வந்து பாக்கட்டும்.”

ஆசாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பகவதிக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

சாயங்காலம் வண்டி திரும்பியது. வள்ளிநாயகம் பிள்ளையை வைக்கோலில் கிடத்திக் கொண்டுவந்திருந்தான் அவருடைய தங்கை மகன் தாணுலிங்கம். உடம்பில் உயிர் இல்லை. பகவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலும், எவள் வீட்டிலிருந்து வருகிறார் என்று கேட்கத் துடித்த தன் நாக்கை நினைத்து வெட்கப்பட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்தது. வெள்ளாளரின் மருமக்கள்வழி வழக்கப்படி வீடும் வயலும் மருமகனுக்கு, அதாவது தங்கை மகன் தாணுலிங்கத்துக்கு. பகவதிக்கு அண்ணன் வீட்டு மூலைதான் கதி. அங்கே அண்ணன் பெண்டாட்டி ஒரு பிடி சோற்றை முகம் சுளிக்காமல் போட்டால் பெரிய பாக்கியம். மாற்றுச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, தாணுலிங்கம் மாட்டு வண்டியோடும் வேலையாட்களோடும் ஊர்ப் பெரியவர்கள் இருவரோடும் வந்து நின்றான்.

“மொதல்ல அலமாரியப் பிரிங்கடே,” என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“அத்தை, இதுல ஆரு ஆணி அடிச்சது?”

“நான்தான் அடிக்கச் சொன்னேன். இது எவ வீட்டுக்கும் போவப்படாது.”

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாணுலிங்கம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“இரணியல் வைத்தியரு இனி கொஞ்ச நாளுதான்னு கெடு சொன்ன அன்னைக்கே மாமா எங்க அம்மைகிட்டக் கெஞ்சி, இந்தப் பெரியவங்க முன்னால ஒரு வார்த்தை வாங்கினாரு அத்தை. வீட்டோட ஒட்டுனது எல்லாம் எங்களுக்கு. ஒட்டாமத் தனியா நிக்கது, பத்தாயமும் அதுல கெடக்க நெல்லும் பூராவும், ஒங்களுக்குன்னு.”