மச்சு ஒழுகிய காலை

கண் விழித்தபோது உலகம்மாளுக்கு முதுகுக்குக் கீழே ஜில்லென்றிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

கல்யாணமாகி ஐந்தாம் நாள். பத்தொன்பது வயதிலும் படுக்கையை நனைக்கிறாள் என்பது வாசுதேவநல்லூரில் அவளைப் பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியும். இங்கே தெரிந்தால் பெட்டியோடு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

தென்காசியில் புருஷன் வீட்டில் நான்கு ராத்திரியும் அவள் தூங்கவேயில்லை. நல்லவேளை, சுந்தரபாண்டியனும் விழித்துத்தான் கிடந்தான். பாவம், கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்று சாரலுக்கென்று குடும்பத்தோடு குற்றாலம் வந்தார்கள். வாடகை வீட்டில் பெண்கள் கீழே, ஆண்கள் மச்சில். அருவியில் குளித்த அலுப்பு ஒரு பக்கம். போதாததற்கு மாமியார் பேச்சித்தாய் ஆளுக்கொரு லோட்டா சுக்குக் காப்பி கொடுத்தாள். புது மருமகள் வேண்டாமென்று சொல்ல முடியுமா?

ஆண்கள் இருட்டோடு அருவிக்குப் போய்விட்டார்கள்.

"மதினி, இன்னுமா எந்திரிக்கல?" நாத்தனார் ஜமுக்காளத்தின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஈரம் கையில் பட்டது.

"மேல இருந்து ஒழுகிட்டு."

பிறந்த வீடு ஓட்டு வீடு. மழை நாளில் அங்கே அதுதான் வாய்க்கு வரும்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். இங்கே தலைக்கு மேலே ஓடு இல்லை, மச்சின் மரப்பலகை.

நாத்தனார் அரிக்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச்சித்தாய் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு படியேறினாள்.

மேலே காலடிச் சத்தம் நடந்து நடந்து, சரியாக உலகம்மாளின் தலைக்கு மேலே வந்து நின்றது.

அங்கே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மத்தியான பஸ்ஸா, சாயங்கால பஸ்ஸா என்று அவள் யோசித்தாள்.

பேச்சித்தாய் ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மகளை அடுப்படிக்கு விரட்டினாள். மருமகளின் ஜமுக்காளத்தையும் உருவி, அதோடு சேர்த்துச் சுருட்டினாள்.

இரண்டிலும் ஒரே வாடை.

"மேல படுத்தது ஒம் மாப்பிளதான், தாயி. சின்னதுல இருந்தே அப்படி, இன்னும் நிக்கல. ஒன் மேலயே ஒழுகிட்டே." மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அம்மைட்ட மட்டும் சொல்லிராத."

சொல்லமாட்டேன் என்று உலகம்மாள் பெரிய மனதோடு தலையாட்டினாள்.