கையில் துள்ளிய சூரியன்

வேட்டியை ஒழுங்காகக் கட்டத் தெரியாத என் கைகளை நம்பித்தான் நிலவுக் கப்பல்கள் கிளம்புகின்றன. பூமியில் எங்கள் சூரியக் கண்காணிப்பு நிலையத்தின் கையுறையை மாட்டினால் சூரியப் புள்ளிகளின் காந்தக் கோடுகள் விரலில் தட்டுப்படும். இன்று, பூமியையே விழுங்கக்கூடிய ஒரு கரும்புள்ளியிலிருந்து எழுந்த கோடுகள் கயிறாக முறுக்கேறிக்கொண்டிருந்தன; அறுந்தால் சூரியப் புயல் கிளம்பும்.

நிலவிலிருந்து மனைவி செண்பகம் கேட்டாள்: “ஏங்க, கப்பல்ல ஏறிடட்டுமா? நாளைக்குப் பாப்பா பொறந்தநாளு.”

“வேண்டாம்மா. சுரங்கத்துக்குள்ள போயிடு.”

“பொண்டாட்டி ஊருக்கு வர்றது அவ்வளவு கசக்குதாக்கும்!” என்றாலும் போனாள்.

சற்று நேரத்தில் கோடுகள் அறுந்தன. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய சூரியன் என் உள்ளங்கையில் ஒருமுறை துள்ளியது. உடம்பெல்லாம் சிலிர்த்து, கும்பிடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

புயல் நிலவைக் கடந்த பிறகுதான் அவள் குரல் வந்தது.

“இருக்கேங்க. பாப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

அம்மா வரவில்லை என்று தொடங்குவதா, அம்மா இருக்கிறாள் என்று தொடங்குவதா?