கம்சிக் இறக்கம்

கம்சிக் கணவாயில் மின்சாரக் கார் இறங்கிக்கொண்டிருக்கிறது. குளிரும் ஏற்றமும் பேட்டரியைக் குடித்துவிட்டன. ஐந்து சதவீதம்தான் மிச்சம், கோகந்த் ஆஸ்பத்திரிவரை போதாது. ஹீட்டரை அணைத்தாயிற்று, மூச்சு கண்ணாடியில் படிகிறது. வேகத்தை இழுத்துப் பிடித்து மின்சாரமாக்கும் பிரேக்கை ஜசூர் முழு அளவில் வைத்திருக்கிறான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் கார் வெடுக்கென்று இழுபடுகிறது. பின்சீட்டில் இடுப்புவலியோடு கிடக்கும் அக்கா ஹுல்கர் அலறுகிறாள். மனசு கேட்காமல் இழுப்பைக் குறைக்கிறான். கார் வழுக்கி ஓடுகிறது. திரையில் ஐந்து ஐந்தாகவே நிற்கிறது. “ஏன்டா குறைச்சே?” “உனக்கு வலிக்குதேக்கா.” “வலி எனக்குத்தானே? நடுரோட்டுல பெத்துக்கச் சொல்றியா? கூட்டுடா!” கூட்டுகிறான். அடுத்த வளைவில் அவள் தலைத்துணியைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். ஐந்து ஆறாகிறது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. இப்போது அதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறது.